காகத்துக்கு வைத்த எள்ளு நூடில்ஸ்

அந்த வருடம் எனக்கு அட்டமத்துச் சனி நடந்தது. எனக்கு அது தெரியாது, மனைவிக்குத் தெரிந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒரு சாத்திரியாருக்கு என் சாதகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் பதிலுக்கு அனுப்பிய குரல்பதிவைக் குசினியில் சத்தமாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் இடது கையில் பிளாஸ்டர் கட்டோடு பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

"உடம்பில காயம் வரும். வீட்டில தண்ணியால கரைச்சல். வாகனத்தில கவனம்," என்றது குரல்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டு வாசலில் ஐஸில் சறுக்கி விழுந்து கை முறிந்தது. பனி உருகியபோது பேஸ்மென்ற்றுக்குள் தண்ணீர் வந்தது. 401 நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகும்போது முன்னால் போன லொறியிலிருந்து கல் தெறித்துக் கார்க் கண்ணாடி வெடித்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"ஐஸில விழுந்த ஆக்கள் எல்லாருக்கும் சனியோ?" என்று கேட்டேன்.

"அவையளும் சாதகத்தைக் காட்டினாத்தானே தெரியும்," என்றாள்.

சாத்திரியார் பரிகாரமும் சொல்லியிருந்தார். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் விரதம் இருக்க வேண்டும். கோயிலில் எள்ளு எண்ணெய் எரிக்க வேண்டும். பிறகு வீட்டுக்கு வந்து காகத்துக்குச் சாப்பாடு வைக்க வேண்டும். காகம் சாப்பிட்ட பிறகுதான் நான் வாயில் ஏதும் வைக்கலாம். அதில் பிழை விடக்கூடாது என்று இரண்டுதரம் சொன்னார்.

விரதமும் விளக்கும் பெரிய வேலை இல்லை, காகம்தான் கரைச்சல். ஸ்காபரோவில் இருந்தபோது எங்கள் அப்பார்ட்மென்ற் பல்கனியைச் சுற்றி எந்த நேரமும் காகம் கத்தும். வீடு பெரிதாக வேண்டும் என்று அஜக்ஸ் என்ற புறநகருக்கு வந்தவர்கள் நாங்கள். வீடு வாங்கும்போது பள்ளிக்கூடம், பஸ், பிளாஸா எல்லாம் விசாரித்தோம். காகம் வருமா என்று விசாரிக்கவில்லை.

புரட்டாசி முதல் சனிக்கிழமை மனைவி விடியப்புறமே எழும்பித் தலை தோய்ந்து, சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, பயத்தங்காய், வாழைக்காய்ப் பொரியல், வடை, அப்பளம் என்று எல்லாம் செய்து முடித்தாள். வாழையிலையில் எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்து, சோற்றின் மேல் ஒரு நுள்ளு எள்ளும் தூவித் தந்தாள். நான் அதைப் பின்வளவில் மர டெக்கின் கைப்பிடிப் பலகையில் வைத்துவிட்டு, வானத்தைப் பார்த்து, "கா, கா," என்று கூப்பிட்டேன்.

முதலில் வந்தது ஓர் அணில். இங்கே அணில்கள் கறுப்பு. அது நேராக வந்து வடையைத் தூக்கிக்கொண்டு வேலியால் ஓடியது.

"கறுப்பாத்தானே இருக்கு," என்றேன், யன்னலுக்குள் நின்ற மனைவியிடம்.

கொஞ்ச நேரத்தால் ஒரு நீர்ப்பறவை வந்தது. அது முழு வெள்ளை. அப்பளத்தை நொறுக்கிவிட்டுப் போனது. மனைவி இலையை மாற்றிப் புதிதாகப் படைத்தாள். நான் மறுபடி கூப்பிட்டேன். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் மேல்மாடி யன்னலைத் திறந்து, "அப்பா, ப்ளீஸ், எவ்ரிபடி கேன் ஹியர் யூ," என்றுவிட்டு மூடினாள்.

எவ்ரிபடி இல்லை, ஒருவருக்குத்தான் கேட்டது. பலகை வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரரின் தலை தெரிந்தது. சீனர். என் வயதுதான். நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். அவருடைய மனைவி முதியோர் இல்லமொன்றில் ஷிஃப்ற் வேலை செய்வதால் வீட்டுச் சமையலும் தோட்டமும் அவருடைய பொறுப்பு. அதுவரை நாங்கள் பனி தள்ளும்போது கையசைப்பதோடு சரி. அன்று இருவரும் பேசியது ஆங்கிலம் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

"பூனை தொலைந்துவிட்டதா?" என்று கேட்டார்.

"இல்லை. காகத்தைக் கூப்பிடுகிறேன்."

"காகத்தையா? எதற்கு?"

"சாப்பிட."

அவர் முகம் போன போக்கில், காகத்தை நான் சாப்பிடப்போகிறேன் என்று விளங்கிக்கொண்டார் என்பது தெரிந்தது. இலையைக் காட்டி, விருந்தாளி காகம்தான் என்று விளக்கினேன்.

"காகம் கெட்ட பறவை," என்றார், எனக்கு யாரும் சொல்லித் தராததுபோல. "எங்கள் ஊரில் காலையில் காகம் கத்தினாலே காறித் துப்புவார்கள்."

"தெரியும். ஒரு கெட்ட கிரகத்தின் வாகனம் அது. இந்த வருடம் அந்தக் கிரகம் எனக்குச் சரியில்லை. அதனால் சாப்பாடு போடுகிறேன்."

கொஞ்சம் யோசித்தார். "லஞ்சமா?"

"கிட்டத்தட்ட."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. தனக்கும் இந்த வருடம் கூடாது என்றார். சீனப் பஞ்சாங்கத்தில் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மிருகமாம், அவர் பிறந்த மிருகத்தின் வருடமாம் இது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை சுற்றி வருமாம். சொந்த வருடம்தான் ஆளைப் போட்டுப் பார்க்குமாம். பரிகாரம் என்ன என்று கேட்டேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்து, பெண்கள் யாரும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, காற்சட்டையின் இடுப்புப் பட்டியை ஒரு விரல் அளவு கீழே இழுத்தார். உள்ளாடை நல்ல சிவப்பு.

"ஒவ்வொரு நாளுமா?"

"வருடம் முழுக்க. மனைவி ஒரு பெட்டி வாங்கித் தந்திருக்கிறாள்."

எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. அவருடைய பரிகாரத்துக்கு ஒரு பறவையும் சம்மதிக்க வேண்டியதில்லை.

பிறகு அவர் தலையைச் சொறிந்துகொண்டு தன் தோட்டத்தைக் காட்டினார். வேலியால் எட்டிப் பார்த்தேன். தக்காளிக்கும் பயற்றைக்கும் மேலாகக் கம்புகள் நட்டு, கம்புக்குக் கம்பு நூல் கட்டி, பழைய சீடீக்களைத் தொங்கவிட்டிருந்தார். அவை வெயிலில் சுழன்று நாலு பக்கமும் மின்னிக்கொண்டிருந்தன.

"பறவைகள் வராமல் இருக்க," என்றார். "மற்றப் பறவைகள் பழகிவிட்டன. காகம்தான் இன்னும் பயப்படுகிறது."

இதை நான் உள்ளே போய்ச் சொன்னபோது மனைவி கதிரையில் இருந்துவிட்டாள். "இவ்வளவு வீடு இருக்கிற ரோட்டில, சனி பகவானை மறிச்சு வைச்சிருக்கிற வீட்டுக்குப் பக்கத்திலயே நாங்கள் வந்து வாங்கியிருக்கிறம்," என்றாள்.

அன்று இரண்டு மணிக்கு மேல் எனக்குக் கண் இருட்டத் தொடங்கியது. கடைசியில் இலையை மடியில் வைத்துக்கொண்டு, மகள் காரை ஓட்ட, காகம் தேடிப் போனோம். பிளாஸாவின் பின்பக்கத்தில், பேர்கர் கடையின் குப்பைத்தொட்டியடியில் ஒரு கூட்டம் நின்றது. எல்லாம் உருளைக்கிழங்குப் பொரியல் தின்றுகொண்டிருந்தன. இலையைக் கிட்டக் கொண்டுபோய் வைத்தேன். ஒன்று மட்டும் தலையைச் சரித்துப் பார்த்துவிட்டுப் பழைய இடத்துக்கே போனது.

"ஒரு பருக்கை எடுத்திட்டுது. நான் கண்டனான்," என்றாள் மனைவி.

"நானும் கண்டனான்," என்றேன். நான் ஒன்றும் காணவில்லை. மகளும் கண்டதாகச் சொன்னாள், அவளுக்கும் பசி.

ஆனால் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் படைத்தது மனைவிக்கு மனதுக்குச் சரியாக இல்லை. அடுத்த கிழமை வீட்டு வளவில்தான் வைப்பது என்று தீர்மானித்தாள். பக்கத்து வீட்டுக்காரரும் சனிக்கிழமைகளில் சீடீக்களைக் கழற்றிவிடுவதாகச் சொன்னார்.

சொன்னதைச் செய்தார். அடுத்த சனிக்கிழமை நான் கோயிலால் வந்து பார்த்தபோது கம்புகள் மட்டும் நின்றன. இலையை வைத்தேன். ஒருதரம்தான் கூப்பிட்டிருப்பேன், ஒரு காகம் வந்து பின்பக்கத்து மேப்பிள் மரத்தில் இருந்தது. மனைவி யன்னலுக்குள் கைகூப்பினாள். காகம் எங்கள் இலையைப் பார்த்தது. நன்றாக ஒவ்வொன்றாகப் பார்த்தது. பிறகு சிறகைக் கோதத் தொடங்கிவிட்டது.

பக்கத்து வளவில் அவர் மேசை போட்டு மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெரிய கோப்பையில் நூடில்ஸ். மண்ணிறத்தில் ஏதோ ஒரு குழம்பு பிரட்டி, மேலே மெல்லிதாகச் சீவிய வெள்ளரிக்காய். அவர் தேத்தண்ணி எடுக்க உள்ளே போன நேரம், காகம் மரத்தை விட்டு இறங்கியது. எங்கள் டெக்கைக் கடந்து, வேலியைக் கடந்து, அவருடைய மேசையில் போய் இருந்து, கோப்பைக்குள் அலகை விட்டு ஒரு நீள நூடில்ஸை இழுத்தது. இழுக்க இழுக்க அது வந்துகொண்டே இருந்தது. காகம் பின்னால் நடந்து நடந்து இழுத்து, முழுவதையும் விழுங்கிவிட்டு, அடுத்ததைப் பிடித்தது.

மனைவி வெளியே ஓடிவந்துவிட்டாள். "இஞ்சாருங்கோ, உது உங்கட காகம் எல்லோ. அங்க போய்ச் சாப்பிடுது."

"சாப்பிட்டா சரிதானே."

"அதெப்படிச் சரி? விரதம் நீங்கள் இருக்க, பலன் அவருக்கோ?"

அவர் தேத்தண்ணியோடு வந்து, காகத்தைக் கண்டு திடுக்கிட்டு, எங்களைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். காகத்தைக் கலைப்பதா விடுவதா என்று தெரியாமல் கையைப் பாதிக்குத் தூக்கியபடி நின்றார். விடச் சொல்லிச் சைகை காட்டினேன். அவருடைய சாப்பாட்டில் பாதியை அது முடித்துவிட்டுத்தான் போனது.

"அதில இறைச்சி ஏதும் இருக்கோ எண்டு கேளுங்கோ," என்றாள் மனைவி.

கேட்டேன். இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டையும் இல்லை என்றார். சைவத்துக்காக அவற்றை விலக்கிச் செய்யும் சாப்பாடு அல்ல அது. அதைச் செய்யும் விதமே அப்படித்தானாம். அவருடைய ஊரில் வெயில் காலத்தில் தெருவோரத்தில் விற்பார்களாம். கோதுமை நூடில்ஸ், சோயா சோஸ், வினாகிரி, கொஞ்சம் சீனி, உள்ளிப்பூண்டு, மிளகாய் எண்ணெய், பிறகு… அடுத்த சொல் அவருக்கு ஆங்கிலத்தில் வரவில்லை. உள்ளே போய் ஒரு போத்தலைக் கொண்டுவந்து வேலிக்கு மேலால் நீட்டினார். மனைவி வாங்கி, மூடியைத் திறந்து மணந்தாள். முகம் மாறியது.

"எள்ளு," என்றாள். "வறுத்து அரைச்ச எள்ளு."

சனீஸ்வரனுடைய தானியம் எள்ளு. இதை நான் அவருக்கு மொழிபெயர்க்கவில்லை. ஆனால் மனைவி அந்தப் போத்தலை இரண்டு கையாலும் பிடித்திருந்த விதத்தில் விஷயம் பெரிது என்று அவருக்கு விளங்கியிருக்கும்.

"நான் ஒரு நுள்ளு தூவினனான்," என்றாள் மனைவி என்னிடம். "அவர் போத்தலோட ஊத்தியிருக்கிறார். பிறகு காகம் எங்க போகும்?"

அன்று பின்னேரம் அவள் கோயில் ஐயருக்குப் போன் எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"ஐயா, காகத்துக்கு நூடில்ஸ் வைக்கலாமோ?"

"என்னது?"

"நூடில்ஸ் ஐயா. எள்ளுப் போட்டது."

"மரக்கறிதானே?"

"ஓம்."

"முட்டை?"

"இல்லை ஐயா. மாவும் தண்ணியும் உப்பும்தான். பைக்கற்றில வாசிச்சனான்."

"உள்ளி போடாமல் வையுங்கோ. எள்ளுச்சோறு வைக்கிறம்தானே, அதுமாதிரித்தான்." போனை வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். "உது பிள்ளையள் சாப்பிடுங்களோ? எங்கட வீட்டில ரெண்டும் விரதச் சாப்பாடு எண்டாலே பீட்ஸா கேக்குதுகள். செய்து பாத்திட்டு எனக்கும் சொல்லுங்கோ."

அடுத்த சனிக்கிழமை மனைவி தானே செய்தாள். பக்கத்து வீட்டில் போய்க் கேட்போம் என்று நான் சொன்னதற்கு, "அவிக்கிறதுக்கும் பிரட்டுறதுக்கும் என்ன கேக்க இருக்கு?" என்றாள். எள்ளைக் கழுவி, வறுக்காமல் தோலோடு கிறைண்டரில் அடித்தாள். நூடில்ஸை நன்றாக அவித்தாள். சோறுபோல மெத்தென்று வரும்வரை அவித்தாள். இரண்டையும் சேர்த்துப் பிரட்டியபோது அது சாம்பல் நிறத்தில் ஒரே கட்டியாக இருந்தது. வாசம் போதாது என்று நினைத்து, நல்லெண்ணெயில் கடுகு, பெருஞ்சீரகம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து மேலே கொட்டினாள்.

காகம் வந்தது. இந்தமுறை எங்கள் டெக்குக்கே வந்தது. கறிவேப்பிலையை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டது. பிறகு நூடில்ஸில் ஒரு துண்டை எடுத்து, கொஞ்சம் பிடித்திருந்துவிட்டு, கீழே போட்டது. அலகை இரண்டு பக்கமும் பலகையில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு பறந்துவிட்டது.

"வாயில வைச்சதுதானே," என்றேன் நான் அவசரமாக.

மனைவி எனக்கும் அதே நூடில்ஸைப் போட்டுத் தந்தாள். காகத்துக்கு இருந்த சுதந்திரம் எனக்கு இருக்கவில்லை. முழுவதையும் சாப்பிட்டேன்.

ஒரு கோப்பையில் கொஞ்சம் வேலிக்கு மேலால் அவருக்கும் கொடுத்தேன். அவர் வேலியடியிலேயே நின்று சாப்பிட்டார். நீண்ட நேரம் மென்றார்.

"நல்ல கறி," என்றார். "நூடில்ஸ் எங்கே?"

அதை நான் வீட்டில் சொல்லவில்லை. ஆனால் யன்னல் திறந்திருந்தது. மனைவி வெளியே வந்து, தனக்கு வந்த அளவு ஆங்கிலத்தில், அடுத்த சனிக்கிழமை வந்து செய்து காட்டுவீர்களா என்று நேராகக் கேட்டாள். அவர் உடனே சம்மதித்தார். காலையில் குளித்துவிட்டு வர வேண்டும், இறைச்சி சாப்பிட்டிருக்கக் கூடாது என்ற நிபந்தனைகளை என்னைச் சொல்லச் சொன்னாள். ஒரு மனிதரைச் சமைக்கக் கூப்பிட்டுவிட்டு, குளித்துவிட்டு வா என்று எப்படிச் சொல்வது? ஒரு கிழமை யோசித்தும் எனக்கு வசனம் அமையவில்லை.

அது புரட்டாசியின் கடைசிச் சனி. நல்ல குளிர். கதவைத் திறந்தால் அவர் ஈரத் தலையோடு, தோய்த்து உலர்த்திய சேர்ட்டோடு, கையில் எள்ளுப் போத்தலோடு நின்றார். சப்பாத்தை வெளியிலேயே கழற்றினார். "கோயில் சாப்பாடுதானே," என்றார். "காலையில் கஞ்சி மட்டும்தான் குடித்தேன்." மனைவி என்னை மெச்சுவதுபோலப் பார்த்தாள். நான் அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டேன்.

குசினியில் அவர் நேராக வேலையைத் தொடங்கினார். எள்ளுக் களியை இரண்டு பெரிய கரண்டி எடுத்துக் கோப்பையில் விட்டு, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிக் கலக்கினார். முதலில் அது இறுகிக் கட்டியானது. பழுதாகிவிட்டது என்று மனைவி என் காதில் சொன்னாள். அவர் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்க, அது திடீரென்று இளகிப் பாலாடைபோல வழுவழுவென்று வந்தது. சோயா சோஸ், சீனி. வினாகிரிப் போத்தலைத் திறந்தபோது மனைவி, "இது விரதத்துக்குச் சரியோ?" என்றாள். நான் கேட்டுச் சொன்னேன்: அரிசியில் செய்தது. அரிசி என்றதும் அனுமதி கிடைத்தது. உள்ளியை அவர் கொண்டுவரவே இல்லை.

நூடில்ஸை அவர் அவித்தது கொஞ்ச நேரம்தான். உடனே குளிர்ந்த தண்ணீரில் அலசி, வடித்து, ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவி உதறினார். அந்த உதறலை மனைவி கவனமாகப் பார்த்தாள். பிறகு கறிவேப்பிலைக் கொப்பைக் கையில் எடுத்தாள். அவர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அவள் கொப்பைக் கீழே வைத்தாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவளுடைய குசினியில் ஒருவர் வேண்டாம் என்று சொல்லி அவள் கேட்டதை அன்றுதான் கண்டேன்.

இலையில் சோறு கறிகளுக்கு நடுவே நூடில்ஸை வைத்து வெளியே கொண்டுபோனேன். கூப்பிடத் தேவையே இருக்கவில்லை. காகம் ஏற்கெனவே டெக்கில் நின்றது, இன்னும் இரண்டைக் கூட்டிக்கொண்டு. நூடில்ஸை மூன்றும் மூன்று பக்கத்தால் இழுத்தன. ஒன்றுக்கு அலகிலிருந்து நுனி தொங்கத் தொங்க, அதை மற்றது பிடித்து இழுத்தது. மனைவி கைகூப்பி நின்றாள். பக்கத்தில் அவரும் கைகூப்பி நின்றார், கெட்ட பறவைக்கு முன்னால். மகள் வீடியோ எடுத்தாள்.

அதற்குப் பிறகு அந்த வருடம் எனக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கையும் நன்றாகிவிட்டது. சனியின் கருணையா, பிசியோதெரபியா என்று நான் வாதாடுவதில்லை.

அன்று எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட இருந்தோம். அந்த நேரம் அவருடைய மனைவி வேலை முடிந்து, யூனிஃபோர்மோடு, கணவரைத் தேடி எங்கள் வாசலுக்கு வந்தார். என் மனைவி அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து ஓர் இலை போட்டாள். நான் முதல்முறையாக அந்த நூடில்ஸை அதன் சரியான வடிவத்தில் சாப்பிட்டேன். குளிர்ந்து, வழுக்கி, முதலில் எள்ளின் கசப்பு மெல்லத் தெரிந்து, பிறகு இனித்து, கடைசியில் புளித்தது. வெள்ளரிக்காய் பல்லில் நறுக்கென்றது. கையால் சாப்பிட முடியவில்லை. இலையின் ஒரு கரையில் பிடித்தால் மறுகரையால் ஓடியது. மகள் முள்ளுக்கரண்டி எடுத்துவந்தாள். நான் வீராப்பாகக் கையாலேயே சாப்பிட்டு, சேர்ட் முழுக்க எள்ளுக் குழம்பைத் தெளித்துக்கொண்டேன். சீனத் தம்பதி சோற்றைக் கையால் பிசைந்து எங்களைவிடத் துப்புரவாகச் சாப்பிட்டார்கள்.

சாப்பிட்டு முடிந்ததும் அவருடைய மனைவி, ஒரு நிமிடம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லி எங்கள் சோபாவில் இருந்தார். அடுத்த நிமிடம் நித்திரையாகிவிட்டார். இரவும் காலையுமாக இரண்டு ஷிஃப்ற் செய்த உடம்பு. எழுப்பப் போனவரை என் மனைவி தடுத்து, போர்வை ஒன்றைக் கொண்டுவந்து போர்த்திவிட்டாள். பிறகு நாங்கள் மூன்று பேரும் குசினியில், பாத்திரம் முட்டாமல், தண்ணீரை மெல்லத் திறந்து, கோப்பை கழுவினோம். அவர் கழுவித் தர நான் துடைத்தேன். மனைவி அவரிடம் எந்தக் கடையில் அந்த எள்ளுப் போத்தல் வாங்கலாம் என்று ரகசியம்போலக் கேட்டாள். அவரும் ரகசியம்போலச் சொன்னார்.

பொழுதுபடும் நேரம் அவருடைய மனைவி எழும்பி, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் சுற்றிப் பார்த்து, வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டார். முகம் கழுவி வந்தபின், கத்தரிக்காய்க் கறி இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. என் மனைவி அதைச் சூடாக்க அடுப்பை மூட்டினாள்.